குளிசைப் பெட்டி

ஏழு நாளுக்கு ஏழு வரிசை,
வரிசைக்கு நாலு அறை:
காலை, பகல், பின்னேரம், இரா.
மூடிகளில் கிழமையின் முதலெழுத்து
அழிந்து கனகாலம்.
எட்டுச் செலவு முடிந்த மறுநாள்
கழுவி வெயிலில் வைத்தேன்.
எறியத்தான் கழுவினேன்.
எறிகிற சாமானை யாராவது கழுவுவார்களா
என்பது பிறகுதான் உறைத்தது.

மத்திய வீதியில், தையல் சாமான் கடையில்
நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு பை மணி.
நான் நீலம் கேட்கவில்லை.
"இதுதான் அக்கா இருக்கு" என்றான் பெடியன்.
திங்கள் காலையில் நீலம் போட்டேன்,
பிரஷர் குளிசை கிடந்த இடம்.
கல்சியம் இருந்த அறைகளில் பால்வெள்ளை.
இரும்புக்கு, துருவைப் போல் ஒரு சிவப்பு.
வியாழன் இரவை மட்டும் நிரப்பவில்லை.
தவநேசன் விழுங்காமல் போன ஒன்று
அதற்குள் கிடந்தது.
கழுவும்போது அந்த மூடியை நான் திறக்கவேயில்லை.

தங்கூசி வீட்டிலேயே இருந்தது.
ஞாயிறுகளில் உட்துறைமுகத்தில்
தூண்டில் போட வாங்கியது.
பத்து றாத்தல் மீனைத் தாங்கும் என்று
உறையில் எழுதியிருக்கிறது.
என் முதல் மாலை பத்துக் கிராம்கூட வராது,
இரண்டு தரம் அறுந்தது.
முடிச்சில்தான் பிழை, தங்கூசியில் இல்லை.

"கழுத்தில கிடந்ததைக் கழட்டிப்போட்டு
ஊராருக்கு மாலை கோக்கிறாய்"
என்றா பூமலர் மச்சாள்.
குத்திச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னா.
ஒரு கிழமை கழித்து அவவே கேட்டா,
பச்சையில் ஒரு சோடித் தோடு, தொங்கலாய்.

பின்னேரங்களில் இரண்டு மான்கள்
படலைக்கு வெளியே வந்து நிற்கும்.
செத்தவீட்டுக்குப் பிந்தி வந்தவர்கள் மாதிரி
எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நிற்கும்.
தோடம்பழத் தோலைப் போட்டால் தின்னும்.
ஒன்றும் விசாரிக்காது.
எனக்கு அது போதும்.

அவருடைய இடது கையில், முழங்கைக்குக் கீழே,
நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள்,
மெஷினுக்கு ரத்தம் போய் வர.
தொட்டால் அதிரும்,
நித்திரையில் கிடக்கும் பூனையின் தொண்டை போல.
மூன்றரை வருசம், இரவு ஒன்பதரைக்கு
என் சுட்டுவிரலைப் பிடித்து அதில் வைப்பார்.
"ஓடுதா?"
"ஓடுது."
அதற்குப் பிறகுதான் லைற்றை நிற்பாட்டுவோம்.

இப்போது ஒன்பதரைக்கு
விரல்நுனியில் மணி உருள்கிறது.
அது அதிர்வு இல்லை, எனக்குத் தெரியும்.
விரலுக்குத்தான் தெரியாது.
சும்மா இருக்க விட்டால்
தலையணையில் போய்த் தேடுகிறது.

செவ்வாய், பெரியாஸ்பத்திரி.
மிஞ்சிய பஞ்சும் பிளாஸ்டரும் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
பையில் ஐந்து கைச்சங்கிலிகள்.
ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால்
பதில் இல்லை.
சந்தமாலி மிஸ் துருச்சிவப்பை எடுத்துக்கொண்டா.
மூலைக் கட்டிலில் அவருடைய கதிரைக்குப் பக்கத்து ஆள்,
மூதூர் ஜெசீமா,
விடிய முதல் பஸ் ஏறி வருகிறவ.
நீலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.
பிறகு இடது கையை நீட்டினா.

"இந்தக் கையில வேண்டாம்" என்றேன்.
வளையல், மணிக்கூடு, இறுக்கமான சட்டைக்கை
ஒன்றும் ஆகாது அந்தக் கைக்கு.
அது அவவுக்குத் தெரியாததா?
கையை இழுக்கவில்லை.

"கட்ட வேணா.
தொட்டுப் பாருங்க, ஓடுதாண்டு."

மெஷின் ஒன்று எங்கேயோ கத்தியது,
யாரோ போய் நிற்பாட்டினார்கள்.
விரலை வைத்தேன்.
எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று
சந்தமாலி மிஸ்ஸைத்தான் கேட்கவேண்டும்.

ஓடுது, என்றேன்.

நீலத்தை வலது கையில் கட்டிவிட்டேன்.
கொளுக்கி கொஞ்சம் தளர்வு,
இரண்டு மணி கூடிப்போயிற்று.
அடுத்த செவ்வாய்
கழற்றிச் சரிபண்ணித் தருகிறேன்
என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.